டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ், எரிச்சல் மட்டும் போகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறப்புறுப்பில் எரிச்சல், குத்தல், நமைச்சல், விதைப்பையில் இழுக்கும் வலி, சிறுநீர் கழித்த பிறகும் ஒரு சொட்டு நிற்பது போன்ற உணர்வு. இவற்றில் ஏதோ ஒன்று மாதக்கணக்கில் இருக்கிறது, பால்வினை நோய்க்கான பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. 14 மாதம் இதே அவஸ்தையில் 5 டாக்டர், 3 லேப் என்று அலைந்தவன். அதற்குப் பிறகு என்னிடம் இதைப் பற்றிப் பேசியவர்கள் கேட்ட கேள்விகள், அவர்கள் கேட்ட மாதிரியே.

ரிப்போர்ட் தப்பாக இருக்குமோ?

லேப்பில் தவறு நடப்பது அபூர்வம். எடுக்க வேண்டிய டெஸ்ட்டை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்து, 'எல்லாம் பார்த்தாச்சு' என்று நம்பிக்கொண்டிருப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. முதல் 4 மாதம் நான் பத்திரமாக வைத்திருந்தது வெறும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது சிறுநீரைத் தட்டில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது. கிளமிடியா என்ற பால்வினைக் கிருமி அந்தத் தட்டில் வளரவே வளராது. அதற்கும் கொனோரியாவுக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வகை டெஸ்ட் வேண்டும். சிறுநீர் பிடிக்கும் விதமும் வேறு. கல்ச்சருக்கு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், பிசிஆருக்கு முதலில் வருவதை. அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனியிலிருந்து எடுக்கும் ஸ்வாப் நல்லது.

அடுத்தது நாள் கணக்கு. கிளமிடியா, கொனோரியாவுக்குச் சந்தேகப்படும் உறவு நடந்து 2 வாரம் ஆகியிருக்க வேண்டும். எச்ஐவிக்கு நான்காம் தலைமுறை டெஸ்ட் என்றால் 45 நாள் போதும் என்பது பிரிட்டிஷ் மருத்துவர்களின் வழிகாட்டுதல். நம் ஊரில் 3 மாதத்தில் ஒருமுறை பார்த்து முடித்துக்கொள்ளச் சொல்வார்கள். சிபிலிஸுக்கும் அதே 3 மாதம். அறிகுறி விடவில்லை என்றால் டிரைக்கோமோனாஸ், மைக்கோப்ளாஸ்மா ஜெனிட்டாலியம் என்ற வேறு இரண்டு பால்வினைக் கிருமிகளையும் ஒருமுறை பார்க்கலாம். கூடவே சர்க்கரை. இதை ஏனோ எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நாள் கணக்கும் டெஸ்ட்டும் சரியாக இருந்து, அதன்பின் புதிய உறவும் இல்லை என்றால் அந்தக் கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். நான் எச்ஐவி டெஸ்ட்டை 7 தடவை எடுத்தேன். ஏழாவது நெகட்டிவ் முதல் நெகட்டிவைவிட எனக்கு ஒன்றும் அதிகமாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட் வந்த அன்று இரவு மட்டும் நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனையில் டெஸ்ட் எடுக்காமலே மாத்திரை கொடுத்தார்களே?

அது அலட்சியம் இல்லை. அறிகுறியைப் பார்த்து அன்றே மருந்து கொடுத்துவிடும் முறை நாடு முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பொட்டலம். ஆண்குறியிலிருந்து கசிவு என்றால் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசின், செஃபிக்சிம் என்ற இரண்டு ஆன்டிபயாடிக், இரண்டும் ஒரே வேளை. நோய்த்தொற்று இருந்திருந்தால் பெரும்பாலும் அதிலேயே போயிருக்கும். அதன் பிறகும் எரிச்சல் இருந்தால் அதே பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்குவதில் பயன் இல்லை, டெஸ்ட்டுக்குப் போக வேண்டிய நேரம் அது.

ஹெர்ப்பீஸ் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. செத்தேனா?

இல்லை. ஹெர்ப்பீஸ் என்பது கொப்புளம் வரவைக்கும் வைரஸ், ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் அதற்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்கள். அந்த ஐஜிஎம் டெஸ்ட்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது, பொய்யாகவே பாசிட்டிவ் காட்டும். ஐஜிஜி பாசிட்டிவ் என்றாலும் எப்போதோ வைரஸ் உடலுக்குள் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். முதல் வகை ஹெர்ப்பீஸ் உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் இருக்கிறது, பலருக்கும் குழந்தையில் வாய் வழியாக வந்தது. கொப்புளமோ புண்ணோ வந்தால் அது ஆறுவதற்குள் டாக்டரிடம் காட்டி அதிலிருந்தே ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள். புண்ணே வராமல் மாதக்கணக்கில் எரிந்துகொண்டே இருப்பது ஹெர்ப்பீஸின் வழக்கம் அல்ல.

'எல்லாம் உன் மனசுதான்' என்கிறார் டாக்டர். பிரமையா?

எனக்கும் சொன்னார் ஒருவர், ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல். வலி நிஜம். ரிப்போர்ட் சொன்னது 'கிருமி இல்லை' என்பதை மட்டும். 'ஒன்றும் இல்லை' என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் தசை இருக்கிறது, நரம்பு இருக்கிறது, தோல் இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது. நான் 14 மாதம் வீணடித்ததற்குக் காரணம் 'எந்தக் கிருமி?' என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதுதான்.

சரி, கிருமி இல்லை என்றால் வேறு என்ன?

ஆண்களில் நிறையப் பேருக்கு இது இடுப்படித் தசை விவகாரம். மருத்துவத்தில் இதற்கு 'நாள்பட்ட இடுப்புக்குழி வலி' என்று பெயர். பழைய பெயர் புராஸ்டேட் அழற்சி (புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி), பெயரே ஆளைக் குழப்பும். 1995இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் இதை 4 வகையாகப் பிரித்தபோது, கிருமி இல்லாத வலியை மூன்றாவது வகையில் வைத்தது. புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுவதில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மூன்றாவது வகைதான்.

முன்னால் பூப்பெலும்பு, பின்னால் வால் எலும்பு, இரண்டுக்கும் நடுவே தூளி கட்டியது போலச் சில தசைகள் தொங்குகின்றன. சிறுநீரை அடக்குவது, மலத்தை அடக்குவது, விந்தைத் தள்ளுவது எல்லாம் இவற்றின் வேலை. பயந்தால் நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது அல்லவா? அப்போது கீழே இந்தத் தூளியும் இறுகுகிறது. ஒரு நாள் இறுகினால் பரவாயில்லை. 'எய்ட்ஸ் வந்திருக்குமோ' என்று ராப்பகலாக 3 மாதம் இறுக்கிப் பிடித்தால்? தோள்பட்டை இறுகிப்போனவருக்குத் தலை வலிக்கிற மாதிரி, இங்கே இறுகினால் வலி குறியின் நுனியில் தெரியும், விதையில் தெரியும், ஆசனவாய்க்குப் பக்கத்தில் தெரியும். தெரிகிற இடத்தில் எதுவும் இருக்காது. முதலில் நிஜமாகவே ஒரு தொற்று வந்து, மருந்தில் அது போன பிறகு, தசை மட்டும் இறுகியபடியே நின்றுவிடுவதும் உண்டு.

உட்கார்ந்தால் அதிகமாகி, நின்றால் குறைந்து, வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் மட்டும் நிம்மதியாக இருக்கிறதா? ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புவதில்லையா? அப்படியென்றால் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் போகும் புடெண்டல் நரம்பு அழுந்துகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த நரம்பு வலியை அடையாளம் காண 2008இல் பிரான்ஸின் நான்த் நகர மருத்துவர்கள் வெளியிட்ட அளவுகோல்களில் இவையெல்லாம் இருக்கின்றன.

கல்லையும் மறக்காதீர்கள். சிறுநீர்க்குழாயில் இறங்கி, சிறுநீர்ப்பை வாசலில் உட்கார்ந்திருக்கும் கல் முதுகில் வலிக்காமல் குறியின் நுனியில் குத்தும். சாதாரண ஸ்கேனில் அந்த இடம் சில நேரம் தப்பிவிடும், சிடி ஸ்கேனில் தெரியும்.

சர்க்கரை மாத்திரையும் ஒரு காரணம். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அந்த இனிப்பில் பூஞ்சை வளர்ந்து, குறியின் மொட்டும் முன்தோலும் சிவந்து நமைக்கும். டாபாக்லிஃப்ளோசினின் முதல் காப்புரிமை 2020 அக்டோபரில் இந்தியாவில் முடிந்து விலை இறங்கியதிலிருந்து நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். ஆனால் கீழே அரிப்பதை சர்க்கரை டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறார்கள். சொல்லுங்கள், அவருக்கு இது புதிது இல்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மொட்டின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன முத்துப் பருக்கள் இயல்பான அமைப்பு. மரு என்று நினைத்து ஆசிட் வைத்துச் சுட்டுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். பரு போகவில்லை, புண் வந்தது.

நான் பெண். எனக்கும் இதேதானா?

தசை விவகாரம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் பெண்களுக்கு நடப்பது கொஞ்சம் வேறு மாதிரி. எரிகிறது என்று போனால் 'வெள்ளைப்படுதல்' என்று எழுதி, ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதமும் அதே. என் தோழி ஒருத்தி இரண்டு வருடத்தில் அதை 11 தடவை விழுங்கியிருக்கிறாள், ஒரு தடவைகூட ஸ்லைடு எடுத்துப் பூஞ்சை இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு மகப்பேறு மருத்துவர் செய்தது இவ்வளவுதான்: காது குடையும் பஞ்சுக்குச்சி மாதிரி ஒன்றை எடுத்து, யோனி வாசலில் கடிகார முள் போல ஒவ்வோர் இடமாக மெல்லத் தொட்டு, 'இங்கே? இங்கே?' என்று கேட்டார். கீழ்ப்புறம் இரண்டு இடத்தில் தொட்டதும் துள்ளி எழுந்துவிட்டாள். பார்வைக்கு அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

3 மாதத்துக்கு மேல் இப்படி இருந்து, தேடியும் காரணம் கிடைக்காவிட்டால் அதற்கு வல்வோடைனியா என்று பெயர். பெயர் தெரிந்த அன்றே பாதி பாரம் இறங்கிவிட்டது என்றாள் அவள். 

மாதவிடாய் நின்றவர்களுக்கு எரிச்சலும் வறட்சியும் ஹார்மோன் குறைவால் வரும். யோனியில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் நன்றாகக் கேட்கும். 'இந்த வயசில் இதெல்லாம் கேட்பதா' என்று அம்மாக்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். தோல் வெளுத்து, காகிதம் போல மெலிந்து, ராத்திரி அரிப்பு தாங்கவில்லை என்றால் லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதைத் தோல் மருத்துவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது குறைந்தது. அப்படியென்றால் கிருமி இருந்தது என்றுதானே அர்த்தம்?

நானும் இப்படித்தான் வாதாடினேன். சில ஆன்டிபயாடிக்குகள் கிருமியைக் கொல்வதோடு வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்கும். அப்புறம், இந்த வலி தானாகவே ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்துக்கு ஓடுகிறோம், அதன் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். பெயர் மாத்திரைக்குப் போகிறது.

தொடக்கத்தில் ஒரு கோர்ஸ் கொடுத்துப் பார்ப்பது நியாயம். நான்காவது, ஐந்தாவது கோர்ஸ் நியாயமில்லை. அதிலும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் குடும்பத்து மாத்திரைகள் தசைநாணைப் பாதிக்கும் என்று 2008இலும், நரம்பையும் பாதிக்கும் என்று 2016இலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே நரம்பு வலியில் இருப்பவர் அதைச் சும்மா சாப்பிடுவானேன்?

மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் நன்றாக இருக்கிறது, விட்டால் எரிகிறது.

டியூபைத் திருப்பிப் பாருங்கள். கிளோபிட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன் என்று எதாவது போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் கலந்து விற்கிறார்கள். தொடை இடுக்குப் படைக்கு வாங்கி விதைப்பை வரைக்கும் தடவுவோம். அங்கே தோல் மெல்லியது, மருந்து உள்ளே அதிகம் இறங்கும். சில வாரத்தில் தோல் மெலிந்து, நிறுத்தியதும் செக்கச்செவேல் என்று சிவந்து எரியும். எரிகிறதே என்று மறுபடி போடுவோம். படையும் போகாது, ஊருக்கெல்லாம் பரவும்.

2018இல் இந்தியாவில் 14 ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். சீட்டு கேட்கும் கடையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நிறுத்துவதைத் தோல் மருத்துவர் சொல்லும் முறையில் செய்யுங்கள். இதே கிளோபிட்டசால்தான் மேலே சொன்ன லைக்கன் ஸ்கிளீரோசஸுக்குச் சரியான மருந்து. எதற்கு, எவ்வளவு நாள் என்பதை மெடிக்கல்காரர் தீர்மானிக்கக் கூடாது.

அங்கே கழுவ வெறும் தண்ணீர் போதும். வாசனை சோப்பு, கிருமிநாசினி லோஷன், பவுடர் எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். பணமே செலவில்லாத சோதனை, சிலருக்கு இதிலேயே முடிந்துவிடுகிறது.

வீட்டில் 'சூடு', 'வெட்டை' என்கிறார்கள். பரம்பரை வைத்தியரிடம் போகலாமா?

நீர்க்கடுப்புக்கு நீர்மோரும் இளநீரும் குடிப்பதில் எந்தத் தப்பும் இல்லை, தண்ணீர் குறைந்தால் சிறுநீர் எரியத்தான் செய்யும். எனக்குக் கோபம் வருவது லாட்ஜில் மாதம் ஒரு நாள் ரூம் போட்டு 'இளமையில் செய்த தவறு' என்று பயமுறுத்திக் காசு பறிப்பவர்கள் மீது. பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டு மாயத் தீர்வு விளம்பரச் சட்டப்படி குற்றம். மலம் முக்கும்போது தெளிவாகவோ வெள்ளையாகவோ ஒரு துளி வருவது பெரும்பாலும் புராஸ்டேட் நீர், அதில் 'சத்து' எதுவும் போவதில்லை. அந்தப் பயத்துக்கே மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: தாத் நோய்க்குறி. 1960இல் மனநல மருத்துவர் என்.என்.விக் வைத்த பெயர்.

தினமும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை.

எனக்குத் தெரியும். பாத்ரூம் கதவைத் தாழிட்டு, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் முன்தோலை விலக்கி, குறியை அடியிலிருந்து நுனி வரை பிதுக்கி, ஏதாவது வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளைக்கு 10 தடவை. வெளியே மனைவி 'தண்ணி தீர்ந்துடும்ங்க' என்று கதவைத் தட்டுவாள். நுனி சிவந்திருந்தது, கொஞ்சம் ஈரமும் இருந்தது. இருக்காதா பின்னே? நாள் முழுக்கப் பிதுக்கினால் யாருக்குத்தான் சிவக்காது? சிறுநீர்க் குழாயை இப்படிப் பிழிவதே எரிச்சலை உண்டாக்கும் என்று ஐந்தாவது டாக்டர்தான் சொன்னார். அதுவரை என் கை செய்த வேலையை நான் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரேயடியாக நிறுத்த என்னால் முடியவில்லை. குளிக்கும்போது ஒரு தடவை, பிதுக்காமல், குழல்விளக்கு வெளிச்சத்தில் மட்டும் என்று குறைத்தேன். இரண்டாவது வாரம் அதையும் விட்டேன். இணையத்தில் தேடுவதற்கும் இதே வைத்தியம். ராத்திரி 10 மணிக்கு மேல் தேடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்த நேரத்துக்கு மேல் எனக்குக் கிடைத்த நோய்கள் எல்லாம் குணமாகாதவை.

பயம் நம் தலைமுறைக்குக் கொஞ்சம் அதிகம்தான். இந்தியாவில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் சென்னையில். 2000களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைத் தினமும் படித்து வளர்ந்தவன் நான்.

தூக்கம் போய், வேலை போய், செத்துவிடலாம் என்று தோன்றினால் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மனநல மருத்துவரிடம் போனால் 'பிரமை' என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடாது. அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரை மனச்சோர்வுக்கு வந்தது, சின்ன அளவில் நரம்பு வலிக்கும் கொடுப்பார்கள். சீட்டில் அதைப் பார்த்து 'என்னைப் பைத்தியம் என்கிறாரா' என்று சண்டைக்குப் போகாதீர்கள். நான் போனேன்.

எந்த டாக்டரிடம் போவது?

நம் நாட்டில் தோல் நோயும் பால்வினை நோயும் ஒரே படிப்பு. ஆகவே தோல் மருத்துவரிடம் தொடங்குவது நல்லது, போர்டிலும் 'தோல்' என்றுதான் இருக்கும், யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். சிறுநீர்த் தொல்லை அதிகம் என்றால் யூராலஜி, பெண்களுக்கு மகப்பேறு மருத்துவர். சென்னை அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனி நிலையம் இருக்கிறது. எச்ஐவி டெஸ்ட்டை அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இலவசமாக எடுக்கலாம், சந்தேகம் கேட்க 1097. உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கவோ முடிவை வெளியில் சொல்லவோ கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டமே இருக்கிறது.

போகும்போது ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எடுத்த டெஸ்ட்டுகள் தேதியோடு, சாப்பிட்ட மருந்துகள், எதில் கூடுகிறது, எதில் குறைகிறது. என் கொழுத்த ஃபைலை யாரும் பிரிக்கவில்லை. அந்த ஒற்றைத் தாளை ஐந்தாவது டாக்டர் முழுக்கப் படித்தார்.

பிசியோதெரபி என்கிறார்களே, அதில் என்ன செய்வார்கள்?

இடுப்படித் தசை தெரிந்த பிசியோதெரபிஸ்ட் என்று கேட்டுப் போங்கள், எல்லோருக்கும் இது தெரியாது. உறை போட்ட விரலால் ஆசனவாய் அல்லது யோனி வழியாகத் தசையைத் தொட்டு, இறுகிய முடிச்சைத் தேடுவார்கள். கூச்சம்தான். ஆனால் அந்த விரல் ஒரு முடிச்சை அழுத்தியபோது, 14 மாதமாகக் குறியின் நுனியில் எரிந்த அதே எரிச்சல் அப்படியே வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, வலியில் இல்லை.

வீட்டில் செய்யச் சொன்னது: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு எழும்பும்படி மெதுவாக மூச்சு. மூச்சு உள்ளே போகும்போது கீழே தளர வேண்டும். அப்புறம் இந்தியன் டாய்லெட்டில் உட்காருகிற மாதிரி குத்தவைப்பது, தினம் சில நிமிடம். வெந்நீர்த் தொட்டியில் உட்காருவது. கெகெல் பயிற்சியை மட்டும் யாராவது சொன்னார்கள் என்று செய்யாதீர்கள். அது தசையை இறுக்கும் பயிற்சி, ஏற்கெனவே இறுகியவருக்கு எதிர்வேலை செய்யும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? என்னைச் சந்தேகப்பட மாட்டார்களா?

நான் மறைத்தேன். மறைத்ததுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசியில் ரிப்போர்ட்டை மேஜையில் வைத்து, 'தொத்து நோய் இல்ல, நரம்பும் தசையும்தான், ஆனா வலிக்குது' என்றேன். 'இதைச் சொல்ல ஒரு வருஷமா?' என்று கேட்டாள். அப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

பெண்களின் நிலைமை இதைவிடக் கடினம். கணவர் சந்தேகப்பட்டால் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்: பூஞ்சையோ யோனியின் இயல்பான கிருமிச் சமநிலை குலைவதோ நடத்தைக்குச் சாட்சி அல்ல. உறவின்போது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள், அது தசையை இன்னும் இறுக்கும்.

எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

திடீரென்று ஒரு விதையில் தாங்க முடியாத வலி என்றால் அந்த மணி நேரமே. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். சிறுநீர் அடைத்துக்கொண்டால், காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால், உட்காரும் இடம் மரத்துப்போய்ச் சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலும் அப்படியே. சிறுநீரில் ரத்தம், ஆறாத புண், விதையில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு: இவற்றுக்கு ஓட வேண்டாம், ஆனால் அந்த வாரமே காட்ட வேண்டும்.

முழுசாகப் போய்விடுமா?

பலருக்கு நன்றாகக் குறைகிறது, சிலருக்கு முழுக்கப் போகிறது, யாருக்கும் ஒரு வாரத்தில் போவதில்லை. எனக்கு பிசியோதெரபி தொடங்கி 6 வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. இப்போதும் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் ஆபீஸில் 10 மணி நேரம் உட்கார்ந்தால் எட்டிப் பார்க்கும். முன்பானால் லேப்புக்கு ஓடியிருப்பேன். இப்போது படுத்து மூச்சு விடுகிறேன், இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறது.

பைக் ஓட்டலாமா?

வலி அதிகமாக இருக்கும் நாட்களில் வேண்டாம். மற்ற நாட்களில் ஓட்டலாம். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நில்லுங்கள். நான் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போவதற்குள் ஒரு டீக்கடையில் நிற்பேன். டீயையும் நின்றுகொண்டே குடிப்பேன்.